வீட்டுக் கணினியில் பாப்-அப், உளவு மென்பொருள்: எங்கிருந்து வருகிறது, எப்படி நீக்குவது – முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் அத்தை வீட்டுக் கணினியை இரண்டு வாரமாக யாரும் தொடவில்லை. காரணம், திரையின் வலது கீழ் மூலையில் நிமிடத்துக்கு ஒரு தரம் எழும்பி வந்த சிவப்புப் பெட்டி. "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று ஆங்கிலத்தில் மிரட்டும். பக்கத்திலேயே ஒரு பிரபலமான ஆன்டிவைரஸின் சின்னம் வேறு. "ஏம்ப்பா, இதைத் தொட்டா பேங்க்ல இருக்கிற பணம் போயிடுமா?" என்று அத்தை கேட்டார். மாமாவின் பென்ஷன் கணக்கை அந்தக் கணினியில்தான் பார்ப்பார்கள். பயம் இருக்கத்தானே செய்யும்!

திரைக்குக் கிட்டே போய் அந்தப் பெட்டியை முழுதாகப் படித்தேன். பெரிய எழுத்துகளுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று பிரவுசரின் பெயர். இன்னொன்று, வாயில் நுழையாத ஒரு இணையதள முகவரி. அதைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று எப்போதோ கேட்டிருக்கிறது, வீட்டில் யாரோ 'அலோ' பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அந்த அனுமதியை எடுத்ததும் பெட்டி நின்றுவிட்டது. மொத்தம் இரண்டு நிமிட வேலை.

எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக முடியாது. ஒரு நண்பர் வீட்டில், எங்கே தேடினாலும் தேடல் வேறொரு தளத்துக்குப் போனது. கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் விண்டோஸை ஃபார்மேட் செய்து, 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து குரோமில் தங்கள் கூகுள் கணக்கைப் போட்டு நுழைந்த அன்றே தொல்லை திரும்பி வந்துவிட்டது. அது இருந்த இடம் விண்டோஸ் இல்லை, குரோம் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் சிறு நிரல். கணக்கில் உள்ளதை எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுபோகும் 'சிங்க்' வசதி வழியாக, புது விண்டோஸிலும் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அதனால்தான் சொல்கிறேன்: எந்தக் கருவியையும் ஓட்டுவதற்கு முன்னால், தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் மீதி வேலை தானாக வழிக்கு வரும். கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 11-ஐ வைத்து எழுதியது. விண்டோஸ் 10-லும் பெரும்பாலும் இதேதான், மெனுப் பெயர்கள் கொஞ்சம் மாறும். மெனுப் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

சுத்தம் செய்து முடிக்கும்வரை அந்தக் கணினியில் நெட் பேங்கிங் வேண்டாம், கார்டு எண்ணைத் தட்ட வேண்டாம். பாஸ்வேர்டையும் அந்தக் கணினியில் மாற்ற வேண்டாம். அதைக் கைப்பேசியில் செய்யலாம், பிறகு சொல்கிறேன்.

வரும் பாப்-அப்பைக் கைப்பேசியில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொடி எழுத்தும் தெரிகிற மாதிரி எடுங்கள். அப்புறம் புகைப்படங்கள், ஆவணங்களை ஒரு வெளி டிரைவில் நகல் எடுங்கள். இன்ஸ்டால் செய்யும் கோப்புகளை, அதாவது கடைசியில் 'இஎக்ஸ்இ' என்று முடிகிறவற்றை, நகல் எடுக்க வேண்டாம். தொல்லை அதோடு சேர்ந்து வந்துவிடும்.

திரை முழுக்க அடைத்துக்கொண்டு, சைரன் சத்தத்தோடு, "இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்" என்று ஒரு பக்கம் வந்தால் அது நூறு சதவீதம் மோசடி. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. எஸ்கேப் பட்டனை இரண்டு மூன்று வினாடி அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். பிறகு ஆல்ட் + எஃப்4. அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது 'ரீஸ்டோர்' என்று கேட்கும். கொடுக்காதீர்கள், அதே பக்கம்தான் திரும்ப வரும்.

அந்த எண்ணுக்கு ஏற்கெனவே கூப்பிட்டு, எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தூரத்திலிருந்து கணினியை இயக்க விடும் மென்பொருள் எதையாவது போட்டுக் கொடுத்திருந்தால், இப்போதே வைஃபையை அணைத்துவிட்டு நேராகக் கீழே 'நிஜமான உளவு' பகுதிக்குப் போங்கள்.

முதல் வேலை: எங்கிருந்து வருகிறது?

நான்கு சோதனைகள் போதும்.

பெட்டி திரையின் வலது கீழ் மூலையில் வருகிறதா, அதில் பிரவுசர் பெயரும் தள முகவரியும் இருக்கிறதா? அப்படியானால் அது நோட்டிஃபிகேஷன் அனுமதி. நான் பார்த்த வீடுகளில் அதிகம் இதுதான்.

பிரவுசருக்குள் மட்டும் வருகிறதா? தானாகப் புது டேப் திறப்பது, தேடல் வேறு தளத்துக்குப் போவது, எந்தப் பக்கத்திலும் விளம்பரம் முளைப்பது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: விக்கிப்பீடியாவைத் திறந்து பாருங்கள். அங்கே நன்கொடை கேட்கும் பட்டை வரலாம், வணிக விளம்பரம் வராது. அங்கேயும் செருப்பு விளம்பரம் தெரிந்தால், அதைக் காட்டுவது விக்கிப்பீடியா இல்லை. உங்கள் கணினியில் உள்ள ஏதோ ஒன்று அதை இடையில் செருகுகிறது. பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்.

பிரவுசரை மூடிய பிறகும் வருகிறதா? அப்படியானால் கணினியில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: குரோமை மூடினாலும் அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் பார்த்து முழுதாக மூடிவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போனால், மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடுவதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

வீட்டில் உள்ள கைப்பேசிகளிலும், அதே வைஃபையில் இருக்கும்போது மட்டும், இதே தொல்லையா? அப்படியென்றால் ரூட்டரைப் பார்க்க வேண்டும்.

நோட்டிஃபிகேஷன் தொல்லையை நிறுத்துவது

குரோமில் வலது மேல் மூலையின் மூன்று புள்ளி → செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → சைட் செட்டிங்ஸ் → நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே கீழே இறங்கினால், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். அத்தை வீட்டில் அந்தப் பட்டியலில் பதினோரு பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று மின்னஞ்சல், இன்னொன்று ஒரு செய்தித்தளம். மீதி ஒன்பதும் எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டிய மாதிரியான பெயர்கள்.

ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் மூன்று புள்ளி இருக்கும். அதில் 'ரிமூவ்' வேண்டாம், 'பிளாக்' கொடுங்கள். ரிமூவ் செய்தால் அந்தத் தளம் மறுபடி கேட்கும், யாராவது மறுபடி அலோ கொடுப்பார்கள். முடித்துவிட்டு, அதே பக்கத்தின் மேலே, தளங்கள் அறிவிப்பு அனுப்பவே கூடாது என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். வீட்டுக் கணினியில் அறிவிப்பு வராவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

எட்ஜில் இந்த மெனு பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுகிறது. செட்டிங்ஸ் திறந்து, அங்குள்ள தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தட்டினால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் 'பெர்மிஷன்ஸ்' தலைப்பின் கீழே இருக்கும். வீட்டில் எத்தனை பிரவுசர் இருக்கிறதோ அத்தனையிலும் பாருங்கள்.

இந்த அனுமதியை நாம் ஏன் கொடுக்கிறோம்? புதுப்படம் பார்க்கத் திருட்டுத் தளத்துக்குப் போகிறோம். "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலோ அழுத்துங்கள்" என்று வருகிறது. ரோபோ சோதனைக்கும் அலோ பட்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும், உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று: பெட்டி வைரஸ் இல்லைதான். ஆனால் அதைக் கிளிக் செய்து, அது சொன்ன 'கிளீனர்' எதையாவது இறக்கியிருந்தால் நிஜமான தொல்லை உள்ளே வந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள ஸ்கேன் வரை செய்துவிடுங்கள்.

பிரவுசருக்குள் உட்கார்ந்திருப்பதை எடுப்பது

முதலில் சிங்கை நிறுத்துங்கள். குரோம் செட்டிங்ஸில் உங்கள் பெயருக்குக் கீழே அந்தத் தேர்வு இருக்கும். நண்பர் வீட்டில் தவறியது இந்த ஒரு இடம்தான்.

அடுத்து எக்ஸ்டென்ஷன்கள். மூன்று புள்ளி → எக்ஸ்டென்ஷன்ஸ் → மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். ஒவ்வொன்றையும் பார்த்து "இதை நான் போட்டேனா? எதற்காகப் போட்டேன்?" என்று கேளுங்கள். பதில் தெரியாதது எதுவாக இருந்தாலும் ரிமூவ். பிடிஎஃப் மாற்றி, வீடியோ டவுன்லோடர், கூப்பன், புதுவகை டேப், வால்பேப்பர் என்று வருகிறவற்றில் கூடுதல் கவனம் தேவை. நல்லவையும் உண்டு. ஆனால் நல்லதாக இருந்த எக்ஸ்டென்ஷனையே யாராவது விலைக்கு வாங்கி, அடுத்த அப்டேட்டில் கெட்டதாக மாற்றிய கதைகளும் உண்டு. எடுத்துவிட்டுத் தேவைப்பட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

சில எக்ஸ்டென்ஷன்களில் ரிமூவ் பட்டனே வேலை செய்யாது. மெனுவின் அடியில், இந்த பிரவுசரை "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அலுவலக லேப்டாப்பில் அது இயல்பு. வீட்டுக் கணினியில் அது இருந்தால் கவனியுங்கள். சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியை வரவைக்கும். எடுக்க முடியாத எக்ஸ்டென்ஷனும் கூடவே இருந்தால் மட்டும், ஒரு கெட்ட மென்பொருள் 'பாலிசி', அதாவது பிரவுசரைக் கட்டுப்படுத்தும் விதி, எழுதி வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அதை எடுக்கப் பாதுகாப்பான வழி, மால்வேர்பைட்ஸ் தரும் ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவி. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, இறக்கி அப்படியே ஓட்டலாம். அதன் செட்டிங்ஸில் குரோம் பாலிசியை ரீசெட் செய்யும் தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு ஸ்கேன் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) நேரடியாகக் கை வைக்கத் தெரிந்தவர்கள், லோக்கல் மெஷின் → சாஃப்ட்வேர் → பாலிசீஸ் → கூகுள் → குரோம் என்ற இடத்தை, முதலில் 'எக்ஸ்போர்ட்' செய்து வைத்துவிட்டு நீக்கலாம். கரண்ட் யூசர் பகுதியிலும் இதே பாதையைப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரி பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது நிறையப் பேர் கவனிக்காத ஓர் இடம். டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஐகானை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் → ஷார்ட்கட் போங்கள். 'டார்கெட்' என்று ஒரு நீளமான வரி இருக்கும். கர்சரை அதற்குள் வைத்து, எண்ட் பட்டனை அழுத்தி, வரியின் கடைசிவரை போங்கள். குரோம் டாட் இஎக்ஸ்இ என்று வந்து, மேற்கோள் குறியோடு முடிய வேண்டும். இரண்டு சிறு கோடு போட்டுப் புரொஃபைல் பெயர் வந்தாலும் சரி. அதற்குப் பின்னால் ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் பிரவுசரைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தளம்தான் திறக்கும். செட்டிங்ஸில் ஹோம்பேஜை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது. அந்த முகவரியை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். டாஸ்க்பாரில் உள்ள ஐகானை அன்பின் செய்துவிட்டுப் புதிதாகப் பின் செய்யுங்கள்.

கடைசியாக ரீசெட். குரோம் செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு எதுவும் போகாது. தேடுபொறி, தொடக்கப் பக்கம் பழையபடி ஆகும், எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படும், குக்கீகள் (தளங்கள் உங்களை அடையாளம் காண பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) அழியும். ஃபயர்ஃபாக்ஸில் இதற்கு 'ரிஃப்ரெஷ்' என்று பெயர். ஹெல்ப் மெனுவுக்குள் இருக்கிறது. பழைய கட்டுரைகள் சில, குரோமுக்குள்ளேயே இருக்கும் 'கிளீனப்' கருவியை ஓட்டச் சொல்லும். கூகுள் அதை 2023-லேயே எடுத்துவிட்டது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கணினிக்குள் இருக்கும் மென்பொருளை எடுப்பது

செட்டிங்ஸ் → ஆப்ஸ் → இன்ஸ்டால்ட் ஆப்ஸ். பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். தொல்லை எப்போது ஆரம்பித்தது என்று வீட்டில் கேளுங்கள். "தீபாவளிக்கு அப்புறம்தான்" என்கிற மாதிரி ஒரு பதில் கிடைக்கும். அந்தக் காலத்தில் வந்தவற்றைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே இருக்கும். டிரைவர் அப்டேட்டர், பிசி ஸ்பீட் கூட்டி, இலவச விபிஎன், பெயரில் 'சர்ச்' என்று வருவது, இதெல்லாம் சந்தேகப்பட வேண்டியவை. விஷுவல் சி பிளஸ் பிளஸ், டாட் நெட், இன்டெல், ரியல்டெக் என்று இருப்பவை தேவையானவை, விட்டுவிடுங்கள்.

அன்இன்ஸ்டால் செய்யும்போது பட்டன்களை நிதானமாகப் படியுங்கள். "நிஜமாகவே போகிறீர்களா?" என்று கேட்டு, பெரிய பச்சைப் பட்டனில் 'வைத்துக்கொள்' என்றும், பொடி எழுத்தில் 'நீக்கு' என்றும் போட்டிருப்பார்கள்.

எடுக்க வரவில்லை என்றால் சேஃப் மோட், அதாவது தேவையானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் திறக்கும் முறை. ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட் → அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் → ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் → ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 அழுத்துங்கள். இன்டர்நெட் வேண்டுமென்றால் 5. புது லேப்டாப்களில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) சாவி என்று 48 இலக்க எண் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கைப்பேசி வழியாக நுழைந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

அடுத்து, கணினி திறந்ததும் தானாக ஓடுகிறவை. டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பார்த்து, தெரியாததை டிசேபிள் செய்யுங்கள். அது போதாது. ஸ்டார்ட் மெனுவில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தேடித் திறந்து, இடது பக்கம் லைப்ரரியைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு வேலையையும் தேர்ந்தெடுத்து 'ஆக்ஷன்ஸ்' டேபைப் பாருங்கள். பிரவுசரைத் திறந்து ஒரு முகவரிக்குப் போகச் சொல்வது, 'டெம்ப்' அல்லது 'ஆப்டேட்டா' ஃபோல்டரில் இருக்கும் பெயர் புரியாத கோப்பை ஓட்டுவது, இவைதான் நீங்கள் தேடுவது. மணிக்கு ஒரு தரம் சரியாக ஒரு விளம்பரப் பக்கம் திறக்கிறது என்றால், அநேகமாக இங்கேதான் இருக்கும். முதலில் டிசேபிள் செய்து இரண்டு நாள் பாருங்கள், பிறகு டெலீட் செய்யலாம்.

கொஞ்சம் அனுபவம் உள்ளவர்களுக்கு, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவி இருக்கிறது, இலவசம். தானாக ஓடும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கோப்புகளை மறைக்கும் தேர்வைப் போட்டுக்கொண்டால் பட்டியல் கைக்கு அடக்கமாகிவிடும்.

ஸ்கேன்

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் வீட்டுக்குப் போதுமானது. ஆனால் ஓட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டி → வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் → மேனேஜ் செட்டிங்ஸ், அதன் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. எந்த ஃபோல்டரை ஸ்கேன் செய்யக்கூடாது என்ற பட்டியல் அது. நீங்கள் எதுவும் சேர்க்காமலேயே அங்கே சி டிரைவ் முழுவதும், அல்லது ஏதோ ஒரு ஃபோல்டர் இருந்தால், கெட்ட மென்பொருள் தனக்குத் தானே பாதுகாப்பு போட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேன் முடிந்து "ஒன்றும் இல்லை" என்று பச்சை டிக் காட்டும், நாமும் நம்பிவிடுவோம்.

பிறகு அப்டேட் செய்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஃபுல் ஸ்கேன். இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள், நேரம் எடுக்கும். காலையில் ஆஃப்லைன் ஸ்கேன். இது விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே ஓடும். ஒளிந்துகொள்ளத் தெரிந்தவற்றையும் இதில் பிடிக்கலாம். கணினி ரீஸ்டார்ட் ஆகி, சுமார் 15 நிமிடம் எடுக்கும்.

இன்னொரு கருத்துக்கு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, அல்லது மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர். இந்த ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. எதை இறக்கினாலும் தயாரிப்பவரின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே 'ஸ்பான்சர்டு' என்று வரும் இணைப்பைத் தொடாதீர்கள். சுத்தம் செய்யப் போனவர்களே ஏமாறுவது அங்கேதான். எப்போதும் காவலுக்கு ஓடும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒன்றாகப் போடவும் கூடாது.

கையோடு, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் → ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன் போய், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தேர்வு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நெட்வொர்க் பக்கம்

செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → ப்ராக்ஸி. ப்ராக்ஸி என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை இன்னொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் அமைப்பு. வீட்டுக் கணினியில் மேனுவல் ப்ராக்ஸியும் செட்டப் ஸ்கிரிப்டும் அணைந்திருக்க வேண்டும். அதே பகுதியில் உங்கள் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் சேவை) 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா பாருங்கள். ரூட்டர்மேல் சந்தேகம் என்றால், பின்னால் உள்ள சிறு துளையில் குச்சியை விட்டு ரீசெட் செய்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆனால் ஃபைபர் இணைப்புக்கு முதலில் இணைப்பு தருபவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சில இடங்களில் அவர்கள் வந்து மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

டிஎன்எஸ் விஷயத்தை லேசாக எடுக்க வேண்டாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற கெட்ட மென்பொருள் உலகம் முழுக்கச் சுமார் 40 லட்சம் கணினிகளில் இந்த ஒரு அமைப்பை மாற்றி வைத்திருந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் அந்தக் கும்பலைப் பிடித்தது. அவர்கள் வைத்திருந்த சர்வர்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்டர்நெட்டே போய்விடும் என்பதால், 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை ஓட்ட வேண்டியிருந்தது.

நிஜமான உளவு

இதுவரை சொன்னது பெரும்பாலும் தொல்லை. இனிச் சொல்வது ஆபத்து. பாஸ்வேர்டு திருடும் மென்பொருள் பாப்-அப் காட்டாது, கணினியை மெதுவாக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தக் குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமலே உங்கள் மின்னஞ்சலுக்குள் போக முடியும். 'லும்மா' என்ற ஒரே ஒரு திருட்டு மென்பொருள், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரை, இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

உள்ளே வரும் வழிகளில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். "நான் ரோபோ இல்லை" என்று ஒரு பெட்டி. கிளிக் செய்தால் மூன்று படி காட்டும்: விண்டோஸ் பட்டனும் ஆர்-ம் அழுத்து, கன்ட்ரோல் + வி அழுத்து, என்டர் அழுத்து. அப்படிச் செய்தால், அந்தத் தளம் உங்களுக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓட்டுகிறீர்கள். எந்த நிஜமான ரோபோ சோதனையும் இப்படிக் கேட்காது. இன்னொரு வழி, கிராக் செய்த மென்பொருளும் விண்டோஸ் ஆக்டிவேட்டரும். "ஓட்டுவதற்கு முன் டிஃபெண்டரை அணைத்துவிடு" என்று எது சொன்னாலும் அதை ஓட்டாதீர்கள்.

இப்படி ஏதாவது நடந்திருந்தால், ஒரு நல்ல கைப்பேசியிலிருந்து இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டு, ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கையும் அதை வைத்துத்தான் திறப்பார்கள். பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் 'சைன் அவுட்' கொடுக்க வேண்டும். திருடிய குக்கீ அப்போதுதான் செல்லாததாகும். பிறகு வங்கி, அப்புறம் மற்றவை. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கியையும் 1930 என்ற எண்ணையும் கூப்பிடுங்கள். இந்தியா முழுவதற்கும் அதுதான் சைபர் மோசடி உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணத்தை இடையில் முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உளவு மென்பொருளை வெளியாள்தான் போடுவான் என்றில்லை. வீட்டுக்குள் இருப்பவரே, கணவரோ உறவினரோ, கண்காணிக்கப் போட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீக்கியது அவருக்குத் தெரிந்துவிடும், ஆதாரமும் போய்விடும். நம்பிக்கையான ஒருவரிடம், வேறொரு கைப்பேசியிலிருந்து பேசுங்கள். உங்கள் பாதுகாப்புதான் முதலில்.

எப்போது விண்டோஸையே மாற்றிப் போடுவது?

விளம்பரத் தொல்லைக்காக ஃபார்மேட் தேவையில்லை. பாஸ்வேர்டு திருடும் மென்பொருளோ, யாரோ தூரத்திலிருந்து கணினிக்குள் வந்ததோ உறுதியானால், நான் யோசிக்கவே மாட்டேன், முழுதாக அழித்துவிடுவேன். செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரெக்கவரி → ரீசெட் திஸ் பிசி → ரிமூவ் எவ்ரிதிங். எங்கிருந்து போடுவது என்று கேட்கும்போது 'க்ளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுத்தால், மைக்ரோசாஃப்டிலிருந்தே புதிதாக இறங்கும். கடையில் கொடுப்பதாக இருந்தால், ஆக்டிவேட்டர் போட்ட திருட்டு விண்டோஸ் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். லேப்டாப்போடு வந்த உரிமம் பெரும்பாலும் அந்த இயந்திரத்திலேயே பதிந்திருக்கும், அதைப் போட்டாலே போதும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கணினிக்குத் தகுதி இருந்தால் இதோடு சேர்த்து 11-க்கு மாறிவிடுவது நல்லது.

மறுபடி வராமல் இருக்க

தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத ஒரு கணக்கை உருவாக்கி, பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள். பெரும்பாலான மென்பொருளை இன்ஸ்டால் செய்ய உங்கள் பாஸ்வேர்டு கேட்கும். விளம்பரத் தடுப்பானுக்கு, ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு. ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் ஃபோல்டர்களுக்குப் பதில் ஷார்ட்கட்டுகள் தெரிந்தால், டபுள் கிளிக் செய்யாமல் முதலில் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள். நிஜக் கோப்புகள் பெரும்பாலும் மறைந்துதான் இருக்கும். வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' போட்டால் தெரியும்.

சுத்தம் செய்து ஒரு வாரம் கழித்து மூன்று இடங்களைத் திரும்பப் பாருங்கள்: நோட்டிஃபிகேஷன் பட்டியல், எக்ஸ்டென்ஷன் பட்டியல், ஸ்டார்ட்அப் ஆப்ஸ். எடுத்தது எதுவும் திரும்ப வந்திருக்கக் கூடாது. வந்திருந்தால் டாஸ்க் ஷெட்யூலரையும் சிங்கையும் மறுபடி பாருங்கள். அத்தை வீட்டில் இந்த மூன்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே, அத்தையே தன் கையால் நான்காவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்: "அலோ கேட்டால் பிளாக்."